காற்று இல்லாத பாலம்

பார்னுவில் நவம்பர்.
நாலு மணிக்கே ஜன்னல் கருத்துவிட்டது.
மூன்று மேசை, மூன்று கணினி,
மூன்றிலும் அதே பாலம்:
ஆற்றின் குறுக்கே எழுபத்திரண்டு மீட்டர்,
நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும்.

விண்டோஸில் அது பக்கவாட்டில்
நாற்பத்தொரு மில்லிமீட்டர் அசைகிறது.
தாவெத்தின் மேக்கிலும் நாற்பத்தொன்று.
லினக்ஸில் மூன்று.

மூன்று நல்ல எண்தான்.
கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடத் தோன்றும்,
அவ்வளவு நல்ல எண்.

"எங்கும் ஓடும் என்று சொல்லித்தானே விற்றார்கள்,"
என்றான் தாவெத்.
"ஓடுகிறதே," என்றான் ஹார்டி.
"எங்கே போய்ச் சேர்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை."

முதல் சந்தேகம் காற்புள்ளி மேல்.
எஸ்தோனியர்கள் தசமத்துக்குக் காற்புள்ளி வைப்பவர்கள்,
நிரல் புள்ளியைத் தேடும்.
இரண்டு நாள் அதிலேயே போனது.
காற்புள்ளி குற்றமற்றது.
பிறகு ஜாவாவின் பதிப்பை மாற்றினார்கள்.
நினைவகத்தை இரட்டிப்பாக்கினார்கள்.
அழித்து, மறுபடி நிறுவி,
காபி குடித்துவிட்டு வந்து பார்த்தார்கள்.
மூன்று.

"சி-யில் எழுதியிருந்தால்..."
"சி-யில் எழுதியிருந்தால் நிரல் செத்திருக்கும்."
"செத்தாலாவது தெரியும்!"
வியாழக்கிழமை மதியம் முழுக்க இது.
ஹார்டி கதவை ஓங்கிச் சாத்தினான்,
உடனே திரும்பி வந்தான், குடையை மறந்திருந்தான்.

ஊர்வெ இதிலெல்லாம் வாய் கொடுக்கவில்லை.
பென்சிலால் ஒரு தாளில் கூட்டிக்கொண்டிருந்தாள்.
"காற்றை எடுத்துவிட்டால்," என்றாள் கடைசியில்,
"எனக்கும் மூன்று வருகிறது."

லேலோ கோப்புறையைத் திறந்தாள்.
தூல் என்றால் அவர்கள் மொழியில் காற்று.
கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது.
நிரல் கூப்பிட்டதோ சின்ன எழுத்தில்.

நான் எழுதும் இந்த எழுத்தில்
பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை.
உங்களுக்கு இதை எப்படிச் சொல்ல?
நெடில் வந்தால் நமக்கு மலை மாலையாகிவிடும்.
அங்கே காற்று காற்றாகத்தான் இருந்தது,
முதல் எழுத்து மட்டும் கொஞ்சம் உயரம்.

விண்டோஸ் எப்படிக் கூப்பிட்டாலும் கதவு திறக்கும்.
மேக்கும் அப்படித்தான்.
லினக்ஸ், அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றது,
உண்மையைத்தான் சொன்னது.
நிரலுக்குள் எவரோ அந்த விதிவிலக்கைப் பிடித்து
ஒரு வரியும் எழுதி வைக்காமல்
காற்று = பூஜ்யம்
என்று வைத்துக்கொண்டு மேலே நடந்திருந்தார்.

"ஒரு எழுத்துதானே. பெயரை மாற்று, வீட்டுக்குப் போவோம்,"
என்றான் தாவெத்.
"அதைக் கத்த வைக்காமல் நான் போகமாட்டேன்," என்றான் ஹார்டி.
"ஏழு வருஷமாக உன் மேக் தப்பை மூடி மறைத்தது."
"உன் லினக்ஸ் மட்டும் என்ன, ஊரைக் கூட்டியதா?"

லேலோ வேறொரு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மார்ச் முதல்
லினக்ஸில் மட்டும் கணக்கிட்டவை.
நெடுஞ்சாலை விளக்குக் கம்பங்கள், இன்னும் ஊன்றவில்லை.
ஓர் ஒலித்தடுப்புச் சுவர், காகிதத்தில்.
வளைகுடாவின் ஓரத்தில்
பறவை பார்க்கும் கோபுரம்,
பதினெட்டு மீட்டர்.
ஆகஸ்டில் திறந்தார்கள். கேக் வெட்டினார்கள்.
அவளும் ஒரு துண்டு தின்றாள்.

கோபுரத்தைத் திரும்ப ஓட விட்டாள், இந்த முறை காற்றோடு.
பச்சைப் பட்டை பாதியில் ஊர்ந்தது.
வெளியே கடலிலிருந்து வந்தது
யாரும் கூப்பிடாமலே
ஜன்னலை ஆட்டிப் பார்த்தது.

பட்டை முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை.
நகராட்சியின் இரவு எண்ணை அழைத்தாள்:
படிக்கட்டின் கதவைப் பூட்டுங்கள், இன்றைக்கே.
படிவம் ஒன்று அனுப்பினார்கள்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு எழுத்து
என்று தட்டினாள்.
அழித்தாள்.
காற்று என்று எழுதினாள்,
பெரிய எழுத்தில் தொடங்கி.